நாலரை அடித் தடுப்பு

அலுவலக வாழ்க்கையைப் பற்றி நம் இலக்கிய நண்பர்கள் பேசும்போது ஓர் இளக்காரம் தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. கணிப்பொறி நிறுவனங்களில் தடுப்புகளுக்கு நடுவே அமர்ந்திருப்பவர்கள் அனைவரும் ஆன்மாவை அடகு வைத்தவர்கள் என்பது போலவும், அனுபவம் வயல்வெளியிலும் கடற்கரையிலும் மட்டுமே விளையும் என்பது போலவும் ஒரு பேச்சு. மறுபுறம், குளிர்சாதனமும் மாதச் சம்பளமும் இருக்கையில் என்ன குறை என்று கேட்கும் குடும்பத்துப் பெரியவர்கள். இரு தரப்பாருமே அந்த நாற்காலியில் ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்த்தவர்கள் அல்லர். (நானும் உட்கார்ந்ததில்லை. ஆனால் என்னிடம் பகுதி ஒன்று தமிழ் படித்தவர்களில் பாதிப்பேர் இன்று அங்கேதான் இருக்கிறார்கள். அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.)

க்யூபிகிள் பிறந்த கதை சற்று விசித்திரமானது. அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் என்னும் அறைகலன் நிறுவனத்துக்காக ராபர்ட் ப்ராப்ஸ்ட் என்பவர் அலுவலகங்களை ஆராய்ந்தார். பெரிய கூடத்தில் வரிசையாக மேசைகளைப் போட்டு மனிதர்களை உட்கார வைப்பது சிந்தனையைக் குலைக்கிறது என்பது அவர் கருத்து. 1964இல் ‘ஆக்‌ஷன் ஆபீஸ்’ என்ற பெயரில் முதல் வடிவம் வந்தது. நின்றபடி வேலை செய்யும் உயரமான மேசையும் அதில் உண்டு. விலை அதிகம்; விற்கவில்லை. 1968இல் நகர்த்தக்கூடிய தடுப்புகளோடு இரண்டாம் வடிவம் வந்தது. அவர் மனத்தில் இருந்தவை 120 பாகைக் கோணத்தில் கைவிரித்தாற்போல் திறந்து நிற்கும் தடுப்புகள். வாங்கியவர்களோ அவற்றை 90 பாகைக்கு மடக்கிப் பெட்டிகளாக்கினார்கள். அதே தளத்தில் இன்னும் சிலரை அடைக்கலாம் அல்லவா! தம் கண்டுபிடிப்புக்கு நேர்ந்த கதியை எண்ணி, 2000இல் இறப்பதற்கு முன் ப்ராப்ஸ்டே நொந்துகொண்டார்.

தடுப்பு என்ற எண்ணம் அவருக்கும் மூத்தது. மெல்வில் 1853இல் எழுதிய ‘பார்ட்டில்பி’ கதையில், பிரதி எடுக்கும் குமாஸ்தாவைத் தன் அறையிலேயே ஒரு பச்சைத் திரைத் தட்டிக்குப் பின்னால் உட்கார வைக்கிறார் வக்கீல். ஆள் கண்ணில் படக்கூடாது, கூப்பிட்டால் காதில் விழ வேண்டும். முதலாளி தரப்பின் தேவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லப்பட்டதில்லை.

தமிழில் இந்த வாழ்க்கையை உள்ளிருந்து எழுதியவர் என்றால் ஆதவன்தான் முதலில் நினைவுக்கு வருகிறார். டெல்லி அலுவலகங்களில் மனிதர்கள் அணிந்துகொள்ளும் பாவனைகளை அவரைப்போல் உரித்துக் காட்டியவர் குறைவு. 1987இல் சிருங்கேரியில் துங்கை நதியில் அவர் மறைந்தபோது நம்மூரில் க்யூபிகிள் என்ற சொல்லே பரவியிருக்கவில்லை. 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. அதற்குப் பின் இத்தனை ஆண்டுகளில், இரா. முருகனின் ‘மூன்று விரல்’ போன்ற சிலவற்றைத் தவிர்த்து, லட்சக்கணக்கானோர் வாழும் இந்த வாழ்க்கை நம் புனைகதையில் பெரும்பாலும் கேலிச்சித்திரமாகவே வருகிறது. இது எழுத்தின் குறை; அந்த வாழ்க்கையின் குறை அன்று.

இப்போது அந்தத் தடுப்பையும் எடுத்துவிட்டார்கள். திறந்த கூடம், நீள மேசை, எந்த இருக்கையும் எவருக்கும் சொந்தமில்லை. கலந்து பேசுவார்களாம். 2018இல் ஹார்வர்டைச் சேர்ந்த இருவர் வெளியிட்ட ஆய்வு, திறந்த கூடத்துக்கு மாறிய இரண்டு நிறுவனங்களில் நேருக்கு நேர் பேசிக்கொள்வது ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்ததைக் கண்டது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்கே மின்னஞ்சல் அனுப்பினார்கள். சுவர் இல்லாத இடத்தில் மனிதன் முகத்தையே சுவராக்கிக்கொள்கிறான். நாலரை அடித் தடுப்பில் ஒரு முருகன் படத்தையோ, குழந்தை கிறுக்கிய யானையையோ குத்தி வைக்க முடிந்தது. என் பழைய மாணவர் ஒருவர் தன் இருக்கை பறிபோன அன்று அந்த யானையை வீட்டுக்கு எடுத்துச் சென்றதாகச் சொன்னார். எத்தனை யோகா வகுப்பு நடத்தினாலும் அந்த யானைக்கு ஈடாகாது என்றே நினைக்கிறேன்.

சமாளிப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு நம்மவர்கள் உடனே காஃப்காவை எடுத்து நீட்டுவார்கள். அவரும் 1908 முதல் 1922 வரை ப்ராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்தானே என்பார்கள். உண்மைதான். ஆனால் அவருடைய வேலைநேரம் பிற்பகல் இரண்டு மணிக்கு முடிந்துவிடும் என்பதை யாரும் சொல்வதில்லை. இரவு ஒன்பதுக்கு அமெரிக்காவோடு தொலைபேசிக் கூட்டம் வைத்திருப்பவரிடம் காஃப்காவைக் காட்டி ஆறுதல் சொல்வது அநியாயம். சிக்கல் சுவரில் இல்லை, மணிக்கணக்கில் இருக்கிறது. தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று 2016இல் தமிழக அரசு தெளிவாகவே சொல்லியும், அதைப் பற்றிப் பேச என் மாணவர்கள் குரலைத் தாழ்த்துகிறார்கள். துணிக்கடைப் பெண்கள் உட்கார 2021இல் ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்ட மாநிலம் இது. இவர்களுக்கோ எழுந்து போவதற்கு ஒரு சட்டம் வேண்டும் போலிருக்கிறது.

அதுவரை அவரவர் வழி. சிறுசேரியில் வேலை பார்க்கும் மாணவி ஒருவர் அலுவலகப் பேருந்தில் படிக்க ஏதாவது சொல்லுங்கள் ஐயா என்று கேட்டார். குறுந்தொகையைச் சொன்னேன். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிகள். இரண்டு நிறுத்தங்களுக்கு இடையில் ஒரு பாடல் முடிந்துவிடும், மிச்ச நெரிசலில் அதையே அசை போடலாம். தோழியின் சாமர்த்தியம் தன் மேலாளருக்கு இருந்திருந்தால் குழுவே உருப்பட்டிருக்கும் என்று ஒருமுறை எழுதியிருந்தார். இப்போது இரவுப்பணிக்கு மாற்றிவிட்டார்கள். பேருந்தில் விளக்கை அணைத்துவிடுகிறார்களாம். புத்தகம் 130ஆம் பாடலோடு நிற்கிறது.