முறிந்த காலும் மூன்று ஆட்டத் தடையும்

2008 பிப்ரவரி 23 அன்று பர்மிங்ஹாமின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களே ஆகியிருந்தன. ஆர்சனல் அணியின் எடுவார்டோ பந்தைத் தட்டி நகர்த்திய மறுகணம், பர்மிங்ஹாம் சிட்டியின் மார்ட்டின் டெய்லர் நீட்டிய கால் அவரது இடக்காலின் மீது இறங்கியது. எலும்பு முறிந்தது; கணுக்கால் மூட்டு இடம் பெயர்ந்தது. டெய்லருக்குச் சிவப்பு அட்டையும் மூன்று ஆட்டத் தடையும் கிடைத்தன. எடுவார்டோ மீண்டும் ஆர்சனலின் முதன்மை அணியில் ஆட ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. டெய்லர் இனி ஒருபோதும் கால்பந்து ஆடக்கூடாது என்று ஆர்சனல் பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர் கொதித்தார். பின்னர் அச்சொற்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

ஒரு தட்டில் மூன்று ஆட்டங்கள், மறு தட்டில் ஓராண்டு. இத்தராசைக் காணும் எவர் மனமும் ஒரு பக்கம் சாயவே செய்யும். அந்தச் சாய்விலிருந்து பிறந்ததுதான், இத்தகைய ஒவ்வொரு நிகழ்வுக்குப் பின்னரும் ரசிகர்கள் முன்வைக்கும் யோசனை: அடிபட்டவர் எத்தனை காலம் படுத்திருக்கிறாரோ, அத்தனை காலம் அடித்தவரும் வெளியே இருக்கட்டும். கேட்பதற்கு நியாயமாகவே ஒலிக்கிறது. ஆயினும் இது தவறான அளவுகோல் என்பதும், இதைக் கைக்கொண்டால் மெய்யான குற்றவாளிகளே தப்புவார்கள் என்பதும் என் கருத்து.

தமிழ் வாசகர்களுக்கு இந்த நீதி புதிதன்று. கன்றின் உயிருக்கு ஈடாகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் கதை நம் நினைவில் ஊறியது. அக்கதையில் இளவரசன் கன்றைக் கொல்ல நினைக்கவில்லை. அது துள்ளி வந்து சக்கரத்தில் அகப்பட்டது. எனினும் இழப்பை இழப்பால் நேர்செய்தான் மன்னன். நாம் அதை நீதியென்று போற்றுவதற்கு ஒரு காரணம் உண்டு: தண்டனையின் பாரம் தீர்ப்பளித்தவன் தலையிலேயே விழுந்தது. எதிரணியின் ரசிகர் அதே சமன்பாட்டைக் கோரும்போது அவர் எதையும் இழப்பதில்லை. அங்கே எஞ்சுவது பழிவாங்கும் வேட்கை மட்டுமே.

சமன்பாட்டின் குறையை விளக்க 2019 நவம்பர் 3 அன்று எவர்ட்டன், டாட்டன்ஹாம் அணிகள் மோதிய ஆட்டத்தைக் காட்டலாம். டாட்டன்ஹாமின் சன் ஹியூங் மின், எவர்ட்டனின் ஆந்த்ரே கோமஸைப் பின்னாலிருந்து சறுக்கித் தடுத்தார். நிலைதடுமாறிய கோமஸ், செர்ஜ் ஓரியேவுடன் மோதி விழுந்தார்; அவரது கணுக்கால் கொடூரமாக முறிந்து திரும்பியது. நடுவர் மார்ட்டின் அட்கின்சன் முதலில் எடுத்தது மஞ்சள் அட்டை. காயத்தின் கோரம் தெரிந்தபின் அது சிவப்பாயிற்று. சில நாட்களில் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் மேல்முறையீட்டில் அச்சிவப்பு அட்டையை நீக்கியது. சன் செய்தது, ஒவ்வொரு வாரமும் பல மைதானங்களில் மஞ்சள் அட்டையோடு முடியும் வகையிலான ஒரு தவறு. அன்று அதன் பின்விளைவு மட்டும் வேறாக அமைந்துவிட்டது. காயத்தையே அளவாகக் கொண்டால், கோமஸ் திரும்பி வரும்வரை, அதாவது மூன்றரை மாதத்துக்கும் மேல், சன் தண்டனை அனுபவித்திருக்க வேண்டும்.

இதன் மறுதலையையும் நோக்குவோம். 2010 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் நெதர்லாந்தின் நைஜல் டி யாங், காலை உயர்த்திப் பாய்ந்து ஸ்பெயினின் சாபி அலோன்சோவின் மார்பில் பூட்ஸின் அடிப்பாகத்தைப் பதித்தார். நடுவர் ஹோவர்ட் வெப் காட்டியது மஞ்சள் அட்டையே. தம் பார்வை மறைக்கப்பட்டிருந்ததென்றும், அது சிவப்புக்குரிய செயலென்றும் வெப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். அலோன்சோ எழுந்து தொடர்ந்து ஆடினார். காயமே அளவென்றால், உலகமே பார்த்துத் திடுக்கிட்ட அந்த உதைக்குத் தண்டனை ஏதும் இராது. சில அங்குலம் விலகியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கும் எவரும் இதை ஏற்க மாட்டார்.

ஆட்டத்தின் விதிகள் இத்தெளிவை நோக்கியே மெல்ல நகர்ந்து வந்திருக்கின்றன. ஒரு காலத்தில் தவறு வேண்டுமென்றே செய்யப்பட்டதா என்பதே கேள்வியாக இருந்தது. 1990களின் நடுவில் அச்சொல் அகன்று, கவனக்குறைவு, பொறுப்பின்மை, மிகைவிசை என்னும் படிநிலைகள் வந்தன. முதலாவதற்கு அட்டை இல்லை, இரண்டாவதற்கு மஞ்சள், மூன்றாவதற்குச் சிவப்பு. 1998இல், எதிராளியின் பாதுகாப்பைக் குலைக்கும் வண்ணம் பின்னாலிருந்து செய்யும் டாக்கிள் வெளியேற்றத்துக்குரியது என்று எழுதப்பட்டது. 2005இல் 'பின்னாலிருந்து' என்ற வரையறையும் நீங்கியது. எத்திசையிலிருந்து வந்தாலும் ஆபத்து ஆபத்தே. இவ்விதி காலின் எலும்பு முறிந்ததா என்று கேட்பதில்லை. கால் முறியத்தக்க விதத்தில் பாய்ந்தாயா என்றே கேட்கிறது. 'பந்தைத்தானே முதலில் தொட்டார்' என்ற வாதத்துக்கும் இதில் இடமில்லை.

உள்நோக்கத்தை விதி கைவிட்டது சரியே. மனத்தின் உள்ளறையை எந்த நடுவரால் திறந்து பார்க்க முடியும்? 2001இல் மான்செஸ்டர் யுனைடெட்டின் ராய் கீன், மான்செஸ்டர் சிட்டியின் ஆல்ஃப் இங்கே ஹாலந்தின் முழங்காலில் மிதித்தபோது, சிவப்பு அட்டையோடு அவருக்குக் கிடைத்தது மூன்று ஆட்டத் தடையும் 5,000 பவுண்ட் அபராதமும். அடுத்த ஆண்டு வெளியான தன்வரலாற்றில் அது பழைய பகையின் கணக்கு என்பதுபோல் அவரே எழுதியதால், மேலும் ஐந்து ஆட்டத் தடையும் 1,50,000 பவுண்ட் அபராதமும் விதிக்கப்பட்டன. நோக்கம் வெளிப்பட்டது அவர் புத்தகம் எழுதியதால். எழுதாதவர்களின் நோக்கம் எவருக்கும் தெரியப்போவதில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரிகிற செயலையே அளக்க வேண்டும்: பாய்ந்த வேகம், நிலத்தை விட்டெழுந்த கால்கள், பூட்ஸின் அடிப்பாகம் தொட்ட உயரம், பந்து எட்டும் தொலைவில் இருந்ததா என்பது.

தண்டனை கடுமையானால் டாக்கிள் என்னும் கலையே அழிந்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். அவர்கள் 1970 உலகக்கோப்பையில் பிரேசிலின் ஜயர்சின்யோ பாய்ந்து வந்தபோது இங்கிலாந்தின் பாபி மூர் பந்தைப் பறித்த காட்சியை மீண்டும் பார்க்கலாம். காத்திருந்து, தருணம் பார்த்து, ஒரு காலை நீட்டிப் பந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார் மூர். அக்கலையின் உயிர் தருணம் அறிவதில் இருக்கிறது. தருணம் தவறியவர் வேகத்தால் அதை ஈடுகட்ட முற்படும்போதுதான் எலும்புகள் முறிகின்றன. பின்னதைத் தண்டிப்பதால் முன்னதற்கு ஒரு சேதமும் இல்லை. மாறாக அதன் மதிப்பு உயரும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதலாவதாக, இங்கிலாந்தில் வழக்கமாகிவிட்ட மூன்று ஆட்டக் கணக்கு, குற்றத்தின் தரத்தைப் பிரித்தறிவதில்லை. சற்றே தாமதித்த காலுக்கும், இரு கால்களையும் உயர்த்திப் பாய்ந்தவனுக்கும் ஒரே விலை. ஜெர்மனியில் கால்பந்துச் சங்கத்தின் விளையாட்டு நீதிமன்றம் சிவப்பு அட்டை நிகழ்வுகளைத் தனித்தனியே ஆராய்ந்து தடைக்காலத்தை வகுக்கிறது. அம்முறையே ஏற்றது. மூன்று ஆட்டங்கள் கீழெல்லையாக இருக்கட்டும். செயலின் ஆபத்துக்கும், அவ்வீரர் முன்பும் அவ்வாறு செய்திருக்கிறாரா என்பதற்கும் ஏற்ப அது எட்டு, பத்து என உயரட்டும்.

இரண்டாவதாக, களத்தில் நடுவர் தவறவிட்டதோடு வழக்கு முடிந்துவிடக்கூடாது. 2020 அக்டோபரில் எவர்ட்டன் கோல்கீப்பர் ஜோர்டன் பிக்ஃபோர்ட் பாய்ந்து மோதியதில் லிவர்பூலின் வர்ஜில் வான் டைக்கின் முழங்கால் தசைநார் சேதமுற்று, அந்தப் பருவத்தின் எஞ்சிய பகுதி முழுவதையும் அவர் இழந்தார். வான் டைக் ஆஃப்சைடில் இருந்தாரா என்று வீடியோ உதவி நடுவர் கோடு போட்டுப் பார்த்தார். ஆஃப்சைட் என்றாலும் ஆபத்தான மோதலுக்கு அட்டை காட்டலாம், காட்டப்படவில்லை. நடுவர்கள் பார்த்துவிட்ட நிகழ்வு என்பதால் சங்கமும் பின்னர் நடவடிக்கை எடுக்கவில்லை. விதிவிலக்குக்கும் முன்மாதிரி உண்டு. 2006இல் போர்ட்ஸ்மவுத்தின் பெட்ரோ மெண்டஸை முழங்கையால் தாக்கி நினைவிழக்கச் செய்த மான்செஸ்டர் சிட்டியின் பென் தாட்சருக்கு நடுவர் மஞ்சள் அட்டையே காட்டினார். ஆயினும் சங்கம் எட்டு ஆட்டத் தடை விதித்தது. அன்று விதிவிலக்காகச் செய்ததை இன்று வழக்கமாகவே செய்யலாம். முன்னாள் வீரர்களும் நடுவர்களும் அடங்கிய சுயேச்சைக் குழு ஒன்று, காயம் நேர்ந்ததோ இல்லையோ, ஆபத்தான பாய்ச்சல்களை ஆட்டத்துக்குப் பின் ஆராய வேண்டும். காயத்தின் விவரத்தை அக்குழுவிடம் சொல்லாமலிருப்பதுகூட நன்று.

1982 ஜூலை 8 அன்று செவியாவில் நடந்த உலகக்கோப்பை அரையிறுதியில், மேற்கு ஜெர்மனியின் கோல்கீப்பர் ஹரால்ட் ஷூமாகர் பிரான்ஸின் பத்ரிக் பத்திஸ்தோன் மீது உடலை எறிந்து மோதினார். பத்திஸ்தோன் நினைவிழந்து தூக்கிச் செல்லப்பட்டார். பற்கள் போயின, முதுகெலும்பு சேதமுற்றது. நடுவர் தவறென்றுகூட அறிவிக்கவில்லை. ஷூமாகர் தொடர்ந்து ஆடி, பெனால்டிகளில் இரண்டைத் தடுத்துத் தம் அணியை இறுதியாட்டத்துக்கு அழைத்துச் சென்றார். அந்த இரவை நினைவுகூர்வோர் இன்றும் உடைந்த பற்களையே பேசுகிறார்கள். பத்திஸ்தோன் ஒரு கீறலுமின்றி எழுந்து நடந்திருந்தாலும் ஷூமாகர் அன்று களத்தை விட்டு வெளியேறியிருக்க வேண்டும்.