டிம் பண்ணினாலும் அணையாத வெளிச்சம்



அன்பின் ஊர் மக்களே,

கெப் வண்டிகளுக்கு மேலதிகமாகப் பூட்டப்படும் லைட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. பதிவு நீளம்தான். கெப் வைத்திருப்பவர்களும், அதற்கு வயரிங் செய்து கொடுக்கும் தம்பிமாரும், இரவு வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் உம்மா வாப்பாமாரும் கடைசி வரை வாசித்தால் நல்லது.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையுள்ள பிரதான வீதியில் மஃரிபுக்குப் பிறகு சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். எதிரே ஒரு கெப் வரும். கூரையில் ஒரு நீள லைட் பார், பம்பரில் இரண்டு ஸ்பொட் லைட், ஹெட்லைட்டுக்குள் வெள்ளை எல்ஈடி பல்ப். எல்லாம் ஒன்றாக எரியும். அதற்குப் பிறகு வீதி இல்லை, வெள்ளைக் கோடு இல்லை, ஓரத்தில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடு இல்லை. வெறும் வெள்ளைதான்.

சில வாரங்களுக்கு முன் எங்கள் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று இரண்டு முழங்கையிலும் கட்டுப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வந்தது. டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும்போது எதிரே வந்த வெளிச்சத்தில் வடிகான் தெரியவில்லையாம். அல்ஹம்துலில்லாஹ், சிராய்ப்போடு போயிற்று. விழுந்தது வடிகானுக்குள். மறுபக்கம் சரிந்திருந்தால் கெப்பின் சில்லுக்குள்.

இதை ஒரு சின்னக் கணக்காகப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் மோட்டார் சைக்கிள் ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் போகும். கடும் வெளிச்சம் கண்ணில் பட்டால் பார்வை பழைய நிலைக்கு வரச் சில செக்கன்கள் பிடிக்கும். மூன்று செக்கன் என்றே வைத்துக்கொள்வோம். 50 மீற்றர் தூரம் அந்த மனிதர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடுகிறார். கண்ணில் வெண்புரை உள்ள பெரியவர்களுக்கு இது இன்னும் மோசம். வெளிச்சம் கண்ணுக்குள்ளேயே சிதறும். ஸுபஹுக்கு இருட்டில் பள்ளிக்கு நடந்து போகிறவர்களில் பலர் அந்த வயதுக்காரர்கள்தான்.

கெப் வைத்திருக்கும் சகோதரர்களின் நியாயத்தையும் கேட்க வேண்டும். நம் பகுதியில் கெப் என்பது ஆடம்பரம் மட்டுமல்ல. ஹைலக்ஸ், எல் 200, டிமெக்ஸ், பொலேரோ என்று எந்தப் பெயரில் வந்தாலும் நெல் மூட்டையும் பசளையும் மீன் பெட்டியும் ஏற்றுகிற வண்டி அது. அறுவடைக் காலத்தில் வட்டைக்குள் இரவு போக வேண்டும். வரம்போடு ஒட்டிய மண் பாதை, இரண்டு பக்கமும் வாய்க்கால், தெருவிளக்கு இல்லை. விளைச்சல் நேரத்தில் யானை வரும். லாகுகலை, பொத்துவில் பக்கம் போகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. அப்படியான இடத்தில் யானை நிற்பதைத் தூரத்திலேயே கண்டு வண்டியை நிறுத்துவதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும். (யானையின் முகத்துக்கு லைட் அடித்து, ஹோர்ன் அடித்து விரட்டுவதற்கல்ல. அது உயிரோடு விளையாடுவது.)

ஆகவே லைட் பாரே பூட்டாதீர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. வட்டைக்குள் தேவையாக இருக்கும் வெளிச்சம் பிரதான வீதியில் பிறருக்குத் தொல்லை. இரண்டையும் பிரிப்பது ஒரே ஒரு வயர். அந்த வயரை எங்கே கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

பல வண்டிகளில் லைட் பார் தனி சுவிட்சில் இருக்கிறது. எதிரே வாகனம் வந்தால் சாரதி பழக்க தோஷத்தில் ஹெட்லைட்டை டிம் பண்ணுவார். லைட் பார் எரிந்துகொண்டே இருக்கும். அவர் மனதில் தான் டிம் பண்ணிவிட்டேன் என்றுதான் நினைப்பு. எதிரே வருபவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இதற்கு வைத்தியம் மிக இலேசு. லைட் பாரின் ரிலேக்குப் போகும் சிக்னல் வயரை ஹை பீம் லைனிலிருந்து எடுத்து, நடுவில் சுவிட்சையும் போட வேண்டும். அப்போது ஹை பீம் எரிந்தால் மட்டுமே லைட் பார் எரியும். டிம் பண்ணிய கணமே அதுவும் அணையும். பூட்டும்போதே கேட்டால் கராஜில் அரை மணி நேர வேலைகூட இல்லை. ஊருக்குள் வரும்போது லைட் பாருக்கு உறை போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

இரண்டாவது பிரச்சினை ஹெட்லைட்டுக்குள் இருக்கிறது. ஹலோஜன் பல்ப்புக்காகச் செய்த ஹெட்லைட்டில், அந்தப் பல்ப்பின் இழை எந்த இடத்தில் எரியுமோ அந்த இடத்தை வைத்தே உள்ளேயுள்ள கண்ணாடியின் வளைவு அமைக்கப்பட்டிருக்கிறது. டிம்மில் வெளிச்சம் கீழே விழுவதும், நம் நாட்டில் இடது ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவதும் அதனால்தான். அதற்குள் மலிவான எல்ஈடி பல்ப்பையோ எச்ஐடியையோ செருகினால் ஒளி பிறக்கும் இடம் மாறுகிறது, வெளிச்சம் நாலா பக்கமும் சிதறுகிறது. சாரதிக்குப் பக்கத்து வீதி பளிச்சென்று தெரிவதால் நல்ல லைட் என்று நினைக்கிறார். உண்மையில் டிம் பண்ணினாலும் அது டிம் ஆவதில்லை. நீலம் கலந்த வெள்ளை மழையில் இன்னும் மோசம். மாரி காலத்தில் அது மழைத்துளியில் பட்டுச் சாரதியின் கண்ணுக்கே திரும்பி வரும்.

மூன்றாவது, பாரம். பின்னால் மூட்டை ஏற்றினால் கெப்பின் முன்பக்கம் தூக்கும், வெளிச்சமும் மேலே போகும். பல கெப்களில் ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று இலக்கமிட்ட ஒரு சிறிய சக்கரம் இருக்கும். பாரத்துக்கேற்ப வெளிச்சத்தைத் தாழ்த்துவதற்குத்தான் அது. காசு செலவில்லாத வேலை.

இனி வயரிங் செய்யும் தம்பிமாருக்கு. உங்களில் பலர் எங்களிடம் படித்தவர்கள். பத்தாம் பதினோராம் ஆண்டில் நாங்கள் கரும்பலகையில் எழுதியது இப்போது உங்கள் கையில் இருக்கிறது. வலுவை மின்னழுத்தத்தால் பிரித்தால் மின்னோட்டம் வரும் என்று படித்தோமே, அதுதான். ஒரு ஹெட்லைட் பல்ப் 55 வொட் என்றால் 12 வோல்ட்டில் ஏறத்தாழ நாலரை அம்பியர். 180 வொட் லைட் பார் 15 அம்பியர். கம்பனி ஹெட்லைட்டுக்கென்று போட்ட வயரில் ஒரு வெட்டு வெட்டி, இதையும் முறுக்கி டேப் சுற்றிவிட்டால் அந்த வயர் என்ன செய்யும்? சூடாகும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. ஒரு மாரியும் ஒரு கோடையும் கழிந்து டேப் இளகி, இணைப்பில் பச்சை பிடித்த பிறகுதான் தெரியும்.

புத்தகத்தில் உருகி என்று படிப்பித்தோம், கராஜில் பியூஸ் என்கிறீர்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். பியூஸ் இருப்பது முதலில் வயரைக் காப்பாற்ற, லைட்டை அல்ல. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியர் கொடுக்கிறது. பற்றரியிலிருந்து நேரே இழுத்த வயர் எங்காவது உரசித் தோல் கிழிந்து பொடியில் தொட்டால், அத்தனை மின்னோட்டமும் அதற்குள் பாயும். வயர் செம்மஞ்சளாகச் சிவக்கும். பக்கத்தில் டீசல் குழாய் இருக்கும். பிறகு நடப்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே சில விடயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

1. பற்றரியின் நேர் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். லைட்டுக்குப் பக்கத்தில் பியூஸ் போட்டால் பற்றரிக்கும் பியூஸுக்கும் இடையிலுள்ள வயருக்குப் பாதுகாப்பு இல்லை.

2. 15 அம்பியர் லைட்டுக்கு 20 அம்பியர் பியூஸ். வயர் 20 அம்பியரைவிடக் கூடுதலாகத் தாங்க வேண்டும். பியூஸ் அடிக்கடி போனால் பெரிய பியூஸ் போடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். வெள்ளித்தாளும் செப்புக் கம்பியும் பியூஸ் அல்ல.

3. பெரிய லைட்டுக்கு ரிலே கட்டாயம். 30 பற்றரிக்கு, 87 லைட்டுக்கு, 85 உம் 86 உம் சுவிட்சுக்கும் ஏர்த்துக்கும். சுவிட்சின் மெல்லிய வயரில் பெரிய மின்னோட்டம் போகாது.

4. தகரத்தில் துளை போட்டு வயரை உள்ளே எடுத்தால் ரப்பர் வளையம் போடுங்கள். ஏர்த்தைப் பெயின்ட் சுரண்டிய வெற்று இரும்பில் இறுக்குங்கள்.

5. லைட் பாரை ஹை பீமோடு இணைக்காமல் தரச் சொல்லி வாடிக்கையாளர் கேட்டால், ஏன் கூடாது என்று ஒரு தரம் எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். ஆசிரியர்கள் சொன்னால் லெக்சர் என்பார்கள்.

இப்படிச் செய்யும் தம்பிக்கு ஆயிரம் ரூபா கூடக் கேட்க உரிமை இருக்கிறது. நாமும் கொடுக்கப் பழக வேண்டும். இலட்சக்கணக்கில் வண்டி வாங்கி, வயரிங்குக்கு மட்டும் பேரம் பேசினால் ரிலேயும் பியூஸும்தான் முதலில் குறையும். வாகன மின்னியலை முறையாகப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் இருக்கின்றன. சாதாரண தரத்தோடு நின்ற பிள்ளையை வாப்பாமார் சும்மா வீட்டில் வைத்திருக்காமல் அங்கே விசாரித்துப் பாருங்கள்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா வேலைத்திட்டத்தின் கீழ் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் உள்ள மேலதிகப் பொருட்களைக் கழற்றும் வேலையைப் பொலிஸார் தொடங்கியபோது நாடு முழுக்க வாதப் பிரதிவாதம் நடந்தது. நம் ஊர்க் கடைத்தெருவிலும் நடந்தது. தண்டப்பணம் எவ்வளவு, எந்தச் சந்தியில் பிடிக்கிறார்கள், எந்த நேரம் போனால் தப்பலாம் என்பதே பேச்சாக இருந்தது. எதிரே வருகிறவரின் கண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. பொலிஸ் நிற்கும் சந்தியில் மட்டும் அணைக்கிற லைட், பொலிஸுக்குப் பயந்து அணைக்கிற லைட். அல்லாஹ் பார்க்கிறான் என்று நம்புகிற நமக்கு அது போதுமா?

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாக நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். பாதையோரத்தில் உட்காருபவர்கள்கூடப் பாதைக்குரிய ஹக்கைக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பார்வையைத் தாழ்த்துவதும் பிறருக்குத் தொல்லை தராமலிருப்பதும் அந்த ஹக்குகளில் உள்ளவை. உட்கார்ந்திருப்பவருக்கே இப்படியென்றால், இரண்டு தொன் இரும்பை ஓட்டிக்கொண்டு வருபவருக்கு எப்படி? பார்வையைத் தாழ்த்தச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு வெளிச்சத்தைத் தாழ்த்த மறுக்கலாமா? பின் கண்ணாடியில் பெரிய எழுத்தில் மாஷா அல்லாஹ் என்று ஒட்டியிருக்கிறோம். முன்னால் வருபவர் கண்ணை மூடிக்கொண்டு அஸ்தஃபிருல்லாஹ் என்கிறார்.

சாய்ந்தமருதிலிருந்து நிந்தவூருக்குப் போகும் கெப் காரைதீவைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த ஊரிலும் பிள்ளைகள் டியூஷன் முடிந்து சைக்கிளில் வருகிறார்கள். கோயிலுக்குப் போய்விட்டு வயதான அம்மாமார் வீதி ஓரமாக நடந்து வருகிறார்கள். அவர்களுக்கு நம் பயான் கேட்காது. நாம் எப்படிப்பட்டவர்கள் என்பதை நம் வண்டி வருகிற விதத்தில்தான் அறிவார்கள்.

“எதிரே வருகிறவன் அடிக்கிறான், நானும் அடிக்கிறேன்” என்பது நாம் அடிக்கடி கேட்கும் பதில். அவரும் கண் தெரியாமல் வருகிறார், நீங்களும் கண் தெரியாமல் போகிறீர்கள் என்றால் நடுவில் வரும் சைக்கிளுக்கு யார் பொறுப்பு? “கடையில் விற்கிறார்களே” என்பது இன்னொரு பதில். கத்தியும்தான் கடையில் விற்கிறார்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு ஜும்ஆவில் பாதையின் ஹக்கைப் பற்றி, குறிப்பாக இந்த லைட் விடயத்தைப் பற்றிப் பேசுங்கள். ஊரில் நன்றாக வயரிங் செய்யும் நாலைந்து பேரை ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பள்ளி முற்றத்துக்கு அழையுங்கள். கெப் வைத்திருப்பவர்கள் வண்டியைக் கொண்டு வரட்டும். ஹெட்லைட் எவ்வளவு உயரத்துக்கு அடிக்கிறது என்று பள்ளி மதிலில் அடித்தே பார்க்கலாம். கூடியிருந்தால் இறக்கலாம். பியூஸ் இருக்கிறதா, லைட் பார் ஹை பீமோடு இருக்கிறதா என்று பார்க்கலாம். யாரையும் குறை சொல்லத் தேவையில்லை. ஆசிரியர்கள் நாங்களும் வருகிறோம், பெரிய வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டி வருகிறோம். மின்னியல் பாடத்துக்கு அதைவிட நல்ல ஆய்வுகூடம் கிடைக்காது.

அடுத்த அறுவடைக்குள் இதைச் செய்து முடித்தால், வட்டைக்குப் போகிறவருக்கும் வெளிச்சம் இருக்கும், வீட்டுக்கு வருகிற பிள்ளைக்கும் வீதி தெரியும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளையும் பாதையில் போகும் எல்லோரையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

கெப் வைத்திருக்கும் ஒருவருக்காவது இதை அனுப்பிவிடுங்கள்.