திருத்தணியை யாரும் 'சீட்' செய்யவில்லை

'சீட்' என்றதும் பஸ் சீட்டை நினைக்க வேண்டாம். ஓர் அரசு தன் நிலத்தை இன்னோர் அரசுக்கு எழுதிக் கொடுப்பதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல் அது. லத்தீன் மூலத்துக்கு 'விலகிப் போ' என்று பொருள். நான் பள்ளியில் படித்த பிரெஞ்சில் அது 'செதே'. பஸ்ஸில் பெரியவருக்கு இடம் விட்டு எழுந்தாலும் அங்கே அதே சொல்தான்!

1800-ல் நிஜாம், பெல்லாரி, கடப்பா பகுதிகளைக் கம்பெனிக்கு இப்படித்தான் கொடுத்தார். 'சீடட் மாவட்டங்கள்' என்று பெயர் விழுந்தது. அங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. தானப் பொருள் போன்ற அந்தப் பெயரைப் பொறுக்காமல், 1928 நந்தியால் மாநாட்டில் 'ராயலசீமா' என்று மாற்றிக்கொண்டார்கள்.

நம் ஊரையும் 'ஆந்திரா சீட் செய்தது' என்று சிலர் எழுதுவது சரியல்ல. 1959-ம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே எல்லை மாற்றச் சட்டம்தான். 1-4-1960 அன்று நாம் சென்னை மாநிலத்தில் சேர்ந்தோம். அந்தப் பக்கமும் சில கிராமங்கள் போயின. அதற்கு முன்னால் மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் நடத்திய போராட்டம் இருக்கிறது. பேரப்பிள்ளைகளிடம் 'கொடுத்தார்கள்' என்று சொல்லாதீர்கள். 'போராடிப் பெற்றோம்' என்று சொல்லுங்கள்.