இரவில் பூட்டப்படும் கதவுகள்!

சண்டை ஓய்ந்த ஊரில் சமாதானத்தை எப்படிக் கட்டுவது? இதைப் படிக்கவே பல நாட்டு மாணவர்கள் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகருக்குப் போகிறார்கள். அங்குள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கென முதுகலைப் படிப்பே இருக்கிறது.

பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு இணைவதா என்ற மோதலில், சுமார் 30 ஆண்டுகளில் 3,500-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த மண் அது. 1998 ஏப்ரல் 10 அன்று 'புனித வெள்ளி ஒப்பந்தம்' கையெழுத்தானது. அடுத்த மாதமே மக்களிடம் வாக்கெடுப்பு. 71 சதவிகிதம் பேர் ஆதரித்தார்கள்.

அதன்படி, இரு தரப்பும் சேர்ந்துதான் ஆள வேண்டும். முதல் அமைச்சருக்கும் துணை முதல் அமைச்சருக்கும் சம அதிகாரம். ஒருவர் விலகினால் மற்றவரும் பதவியில் நீடிக்க முடியாது. யாரையும் ஒதுக்க முடியாது என்பது இதன் பலம். 2017-லும் 2022-லும் ஆட்சி முடங்கியதற்கும் இதே விதிதான் காரணம்!

வகுப்பு முடிந்து வெளியே வந்தால் அடுத்த பாடம். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் தெருக்களுக்கு நடுவே 'அமைதிச் சுவர்கள்' இன்னும் நிற்கின்றன. அவற்றின் கதவுகள் சில, இரவில் பூட்டப்படுகின்றன. 2023-க்குள் எல்லாச் சுவர்களையும் அகற்றுவோம் என்று 2013-ல் அரசு அறிவித்தது. அந்தக் கெடுவும் தாண்டிவிட்டது.

சுவரை இடிக்க, அதை ஒட்டிக் குடியிருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும். அவர்களில் பலருக்கு இன்னும் பயம் போகவில்லை.