ஜீப்பை 'ரெஸ்டோர்' பண்ணலாம், ஓட்டினவரை?

எங்கட குழுவில் ஒருத்தன் இருக்கிறான். விரிவுரை நடக்கும்போதும் போனை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டு பழைய ஜீப் விளம்பரம்தான் பார்ப்பான். வாங்கக் காசு கிடையாது. மகாபொல வந்தால் கன்டீன் கடனுக்கே சரி. ஆனாலும் எந்த வருஷ லாண்ட் ரோவருக்கு லைட் எங்கே இருக்கும், எதில் கியர் முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். அவனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்து பேரும் பழைய வாகனக் கண்காட்சி ஒன்றுக்குப் போனோம்.

அங்கே கடும்பச்சை நிறத்தில் ஒரு லாண்ட் ரோவர் நின்றது. சீரிஸ் டூ, 1960. டயரில்கூட ஒரு பொட்டு மண் இல்லை. முன்னால் ஒரு அட்டை வைத்திருந்தார்கள். வருஷம், எஞ்சின் அளவு, இப்போதைய உரிமையாளரின் பெயர், கடைசியில் ஒரு வரி: "முன்னர் தேயிலைத் தோட்டமொன்றில் பாவிக்கப்பட்டது."

எங்களில் ஒருத்தி ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அந்த அட்டையை ரெண்டு தரம் வாசித்துவிட்டு, "எங்க தாத்தா இப்பிடி ஒன்னுதான் ஓட்டினாரு" என்றாள். வரும் வழியில் பஸ்ஸில் மீதியைச் சொன்னாள். தாத்தா துரையின் டிரைவர். ஒவ்வொரு நாள் பொழுதுபடவும் ஜீப்பைக் கழுவித் துடைத்து பங்களாவில் விட்டுவிட்டு, லயத்துக்கு நடந்தே வருவார். பாட்டிக்குப் பிரசவ வலி வந்த இரவு ஜீப் பங்களாவில்தான் நின்றது. பாட்டி ஆஸ்பத்திரிக்குப் போனது கொழுந்து லொறியில்.

அந்தக் கதைக்கு அட்டையில் இடம் இல்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

பழைய ஜீப் வாங்குவது பணக்காரர் வேலை, நமக்கென்ன என்று தள்ளிவிட்டுப் போகலாம். ஆனால் இந்த ஆசை இப்போது நம் வயதுப் பெடியளிடமும் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு வழி மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருஷத்தில் நாட்டுக்குள் இருந்த வாகனங்களின் விலை எப்படி ஏறியது என்று எல்லோரும் பார்த்தோம். மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் கறள் பிடித்துக் கிடந்த ஜீப்பைக்கூட ஆட்கள் தேடி வந்து விலை பேசினார்கள். பழைய இரும்புக்குப் போக இருந்தவை பிழைத்தன. அது நல்ல விஷயம்தான், அதை நாங்கள் மறுக்கவில்லை. எங்களுக்கு உறுத்துவது, அவை பிழைக்கும்போது எதைத் தொலைத்துவிட்டுப் பிழைக்கின்றன என்பது.

வாங்குபவர்கள் முதலில் கேட்கும் சொல் 'ஒரிஜினல்'. ஒரிஜினல் பெயின்டா, ஒரிஜினல் எஞ்சினா, ஒரிஜினல் நம்பரா? இந்த ஒரிஜினலின் கதை கொஞ்சம் வேடிக்கையானது. இங்கிலாந்தின் ரோவர் கம்பனியில் இருந்த மொரிஸ் வில்க்ஸ், யுத்தத்தில் மிஞ்சிய ஒரு வில்லிஸ் ஜீப்பைத் தன் தோட்டத்தில் பாவித்தார். அதைப் பார்த்துத்தான் லாண்ட் ரோவர் யோசனை வந்தது. முதல் மாதிரி வண்டியை வில்லிஸின் செசியை வைத்தே செய்தார்கள். யுத்தம் முடிந்த நேரம் இரும்புத் தகட்டுக்குத் தட்டுப்பாடு, அதனால் பொடிக்கு அலுமினியம். ராணுவத்தில் பச்சைப் பெயின்ட் மிஞ்சிக் கிடந்தது, அதனால் பச்சை நிறம். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அதை வெளியே காட்டினார்கள். ஆக, இருந்ததை வைத்து ஒப்பேற்றிய வண்டிதான் அது. பெரும்பாலான பாகங்களைச் சாதாரண ஸ்பனரால் கழற்றிப் பூட்டலாம். மாற்றிப் பாவிக்கவென்றே செய்த பொருளில் மாறாததைத் தேடுகிறோம்!

அதே 1948இல் இங்கே இன்னொரு விஷயமும் நடந்தது. பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, மலையகத்தில் லட்சக்கணக்கான ஆட்கள் நாடற்றவர்களானார்கள். தாத்தாவும் அதில் ஒருவர். அவர் ஓட்டிய ஜீப்புக்கு இந்த நாட்டில் பதிவு இருந்தது, இலக்கம் இருந்தது. ஓட்டியவருக்கு அது இல்லை. 1975இல் வெள்ளைக்காரக் கம்பனிகளின் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. துரை மாறினார். ஜீப் அதேதான், தாத்தாவின் லயமும் அதேதான்.

வடக்கிலும் ஒரு 'ஒரிஜினல்' பிரச்சினை உண்டு. எங்களில் ரெண்டு பேர் யாழ்ப்பாணம். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் அங்கே பெற்றோல் கிடையாது. அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின்கள்தான் அப்போது கைகொடுத்தன. மோரிஸ் மைனரும் ஒஸ்டினும் பழைய ஜீப்பும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் ஆக மட்டும் கொஞ்சம் பெற்றோல் காட்டவேணும், சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேணும். மணமும் புகையும் சொல்லி முடியாது என்று வீட்டில் இப்பவும் சொல்வார்கள். அதற்காகக் காபரேட்டரில் கை வைத்து, குழாய் மாற்றி, இல்லாத பாகத்தை லேத்தில் கடைந்து போட்ட கராஜ்காரர்கள் ஒரு ஊரையே ஓட வைத்தார்கள். இன்றைக்கு அந்த வாகனத்தை வாங்குபவர் முதலில் செய்வது, அந்த மாற்றத்தையெல்லாம் கழற்றி எறிவதுதான். விளம்பரத்திலும் அது 'குறை'யாகத்தான் போகும். எங்களைக் கேட்டால், அந்த வண்டியிலேயே பெறுமதியான பாகம் அதுதான்.

அடுத்தது நம்பர் பிளேட். 'ஸ்ரீ நம்பர்' என்றால் விலை கூடும், கேட்கவே ஒரு கெத்து. இலங்கை வாகனங்களுக்கு ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' வந்தது 1957இல். தனிச்சிங்களச் சட்டம் வந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். தமிழரசுக் கட்சி எதிர்ப்பு இயக்கம் நடத்தியது. வடக்கு கிழக்கில் அந்த எழுத்துக்குத் தார் பூசினார்கள், தமிழ் 'ஸ்ரீ' எழுதினார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். 1958 ஏப்ரலில் பண்டா - செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது, மே மாதம் கலவரம். ஒரு ஜீப்பின் நெற்றியில் இருக்கிற அந்த ஒற்றை எழுத்துக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. அதைக் கழற்றுங்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கழற்றக்கூடாது என்பதுதான் எங்கள் கட்சி. ஆனால் வெறும் 'விண்டேஜ் லுக்' என்று மட்டும் அதை ரசிக்க எங்களால் முடியவில்லை.

இதற்கு எங்கட ஜீப் பைத்தியம் ஒரு பதில் வைத்திருக்கிறான். "காசு போடுறவன் இல்லாட்டி எல்லாம் இரும்புக் கடைக்குத்தான் போயிருக்கும். உங்கட அரசியலுக்கு அப்ப வண்டியே மிஞ்சாது." உண்மைதான். செசி இரும்பு, அது உள்ளுக்குள்ளாலேயே உக்கும். அலுமினியப் பொடி இரும்போடு சேரும் இடங்களும் அரித்துப்போகும். காசும் பொறுமையும் உள்ள ஒருவர் எடுத்து வெல்டிங் செய்து, டிங்கரிங் செய்து நிறுத்தாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு ஒன்றும் இருக்காது. சேகரிப்பவர்களை வில்லனாக்குவது லேசு, ஆனால் அது நியாயமில்லை.

ஆனால் வண்டியை மட்டும் காப்பாற்றினால் பாதி வேலைதான் முடிகிறது. மேற்கு வங்கத்தில் மனேபஞ்சாங் என்ற சின்ன ஊரிலிருந்து சந்தக்பு மலைக்குப் பல தசாப்தங்களாக ஆட்களை ஏற்றிப் போனவை பழைய லாண்ட் ரோவர்கள். அதுவும் தேயிலைப் பக்கம்தான். அங்கே அந்த வண்டியைப் பற்றிப் பேசினால் டிரைவர்களைப் பற்றியும் பேச்சு வரும், ஏனென்றால் வண்டி அவர்கள் கையில்தான் இருந்தது. இங்கே வண்டி ஒரு கையில், கதை இன்னொரு வீட்டில்.

அதனால் வாங்கப் போகிறவர்களுக்கு எங்கள் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள். செசியைக் குனிந்து பாருங்கள், கால் வைக்கும் தட்டைத் தட்டிப் பாருங்கள், செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஜப்பான் டீசல் எஞ்சின் ஏற்றியிருந்தால் அது புத்தகத்தில் பதிந்திருக்கிறதா என்று கேளுங்கள். இதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். அதோடு இதையும் செய்யுங்கள்: புத்தகத்தில் உள்ள பழைய உரிமையாளர்களை மட்டும் வாசிக்காமல், அந்த ஊரில் இறங்கி இதை ஓட்டியது யார், திருத்தியது யார் என்று விசாரியுங்கள். டிரைவரின் பெயரும் மெக்கானிக்கின் பெயரும் அந்தப் புத்தகத்தில் இருக்காது. ஒரு கொப்பியில் நீங்களே எழுதி வையுங்கள். பெயின்ட் உரிப்பதற்கு முன் படம் எடுங்கள். மாற்றிய பாகத்தை வீசாமல் ஒரு பெட்டியில் போடுங்கள். கண்காட்சிக்குக் கொண்டுபோனால் அட்டையில் இன்னும் ரெண்டு வரிக்கு இடம் விடுங்கள். இதற்கெல்லாம் ஒரு டயரின் விலைகூட ஆகாது.

காசில்லாத எங்களுக்கும் வேலை இருக்கிறது. கலைப் பீடத்தில் படிக்கிறோம், வாய்மொழி வரலாறு என்று அசைன்மென்ட் எழுதிப் புள்ளி எடுக்கிறோம். ஆனால் எங்கள் ஊர்க் கராஜில் இருக்கிற அறுபது, எழுபது வயது ஆட்களிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. அவர்கள் போனால், மண்ணெண்ணெயில் ஒரு ஊரை ஓட்டிய கைவேலையும் அவர்களோடு போய்விடும்.

அந்தத் தோழியின் தாத்தா இப்போது இல்லை. அவர் ஓட்டிய ஜீப் எங்கே என்றும் தெரியாது. வீட்டில் இருப்பது ஒரே ஒரு படம். பங்களா முன்னால் துரை குடும்பம் நிற்கிறது, ஜீப் நிற்கிறது, ஓரத்தில் வண்டியின் மட்காட்டைப் பிடித்தபடி ஒரு கை மட்டும் தெரிகிறது. அது தாத்தாவின் கை என்று பாட்டி சொல்வாராம்.

உங்கள் வீட்டு அல்பத்திலும் அப்படி ஒரு ஜீப், ஒரு லொறி, ஒரு டிராக்டர் நிற்கக்கூடும். படம் எடுத்தபோது ஓட்டியவர் எங்கே நின்றார் என்று இந்த லீவுக்குப் போகும்போது கேட்டுப் பாருங்கள்.