தேனீக்காக வந்த தடை

கேள்வி: தேனீக்காக ஐரோப்பாவில் பூச்சிமருந்தைத் தடை செய்தார்களாமே, நம் ஏற்றுமதிக் காய்கறிக்கும் அது பொருந்துமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: பொருந்தும். தேனீக்களுக்கு ஆபத்து என்று இமிடாகுளோபிரிட், குளோதியானிடின், தயோமீதாக்சாம் மூன்றையும் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் தடை விதித்தது. மற்ற நாட்டுத் தேனீக்களையும் காக்க வேண்டும் என்று 2023-ல் இன்னொரு விதி வந்தது. இதன்படி, இறக்குமதியாகும் விளைபொருளிலும் பின்னிரண்டு மருந்துகளின் எச்சம், ஆய்வகத்தில் அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவைத் தாண்டக் கூடாது. 2026 மார்ச் 7 முதல் இது நடைமுறை.

இவை செடிக்குள் ஊடுருவும் மருந்துகள். காயைக் கழுவினாலும் முழுதாகப் போகாது. தயோமீதாக்சாம் செடிக்குள் குளோதியானிடினாகவும் மாறும். எனவே ஏற்றுமதிக்குப் பயிரிடுவோர் விதைநேர்த்தி மருந்தின் பெயரையும் பார்த்து வாங்கவும். பூத்திருக்கும் பயிரில் தெளிக்காதீர்கள். தேனீ வந்தால்தான் பூசணி, பாகலில் காய் பிடிக்கும்.