ஜக் தூக்கும், தாங்காது



வானில் ஏறாத குடும்பம் எமது குடாநாட்டில் இல்லை எனலாம். பிள்ளைகள் முன்பள்ளிக்கும் பாடசாலைக்கும் போவது வானில். கலியாண வீடு, செத்த வீடு, சந்நிதித் திருவிழா, நயினாதீவுக்குப் படகேறக் குறிகட்டுவான் பயணம், வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரை அழைத்துவர இரவோடிரவாகக் கட்டுநாயக்கா என எல்லாவற்றுக்கும் வான்தான். ஆயினும் அந்த வானின் சில்லு நடுவழியில் காற்றுப் போனால் பெண்களாகிய நாம் என்ன செய்கிறோம்? இறங்காமல் உள்ளேயே இருக்கிறோம், அல்லது ஓரமாக நின்று பார்க்கிறோம். "அது ஆம்பிளையளின்ர வேலை" என்று விட்டுவிடுகிறோம்.

வடமராட்சி கிழக்கிலே மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமொன்றின் கூட்டத்தில் வாழ்வாதாரக் கடன் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரி தன் கதையைச் சொன்னார். அவருடைய கணவர் வாடகை வான் ஓட்டியவர். ஓர் இரவு மணல் ஒழுங்கையில் பின்சில்லு காற்றுப் போய்விட்டது. ஜக் வைத்துத் தூக்கி, சில்லையும் கழற்றிவிட்டார். கீழே கழன்று தொங்கிய எதையோ பார்ப்பதற்காகத் தலையையும் தோளையும் வானுக்கடியில் நுழைத்தார். ஜக் மணலில் சரிந்தது. "நான் பக்கத்தில ரோர்ச் பிடிச்சுக்கொண்டு நிண்டனான் மிஸ். கீழ போகக் கூடாதெண்டு எனக்குத் தெரிஞ்சிருந்தால் அவரின்ர சேட்டைப் பிடிச்செண்டாலும் இழுத்திருப்பன்" என்றார்.

அந்தச் சொல்லுக்காகவே இம்மாதம் இதை எழுதுகிறேன். ரயர் மாற்றுவதை எல்லாப் பெண்களும் செய்ய வேண்டும் என்பதல்ல எனது வாதம். செய்ய வேண்டிவந்தால் செய்வதற்கும், பக்கத்தில் நிற்கும்போது "வேண்டாம்" என்று சொல்வதற்கும் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே. எமது வீதிகளில் ஓடும் வான்களில் அநேகமானவை பழையவை. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. 'டொல்பின்' என்று எல்லோரும் அழைக்கும் பழைய ஹயஸ்கள் இன்னமும் பாரம் சுமக்கின்றன. வானோடு சேர்ந்து அதன் ஜக்கும் பழசாகிறது என்பதை நாம் நினைப்பதில்லை.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடாநாட்டில் மலையோ பெரிய சரிவோ இல்லை, ஆகவே பயமில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். எங்கள் ஆபத்து சரிவில் அல்ல, மண்ணில் இருக்கிறது. மணற்காடு, அம்பன், நாகர்கோவில் பக்கம் மணல். கோப்பாய், உரும்பிராய், சுன்னாகம் பக்கம் செம்பாட்டு மண். கோடையில் கல்லுப்போல் இருப்பது மாரி மழையில் இளகிவிடும். கொளுத்தும் மத்தியான வெயிலில் தார் வீதியும் மெதுமையாகும். ஜக்கின் அடிப்பாகம் எங்கள் உள்ளங்கையிலும் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். வெறும் வானே சுமார் ஒன்றரைத் தொன் இருக்கும். அதில் ஒரு மூலையின் பாரம் முழுவதும் அந்தச் சிறு இடத்தில் இறங்குகிறது. எனவே ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், இரண்டு அங்குலத் தடிப்புள்ள வைரமான பலகைத் துண்டு ஒன்று வானில் எப்போதும் கிடக்கட்டும். மணலில் மேல்மண்ணை ஒதுக்கி, நிலத்தை மட்டமாக்கி, பலகையை வைத்து அதன்மேல்தான் ஜக்கை வைக்க வேண்டும். பலகை வைத்தும் நிலம் தாழ்கிறதென்றால் அங்கே தூக்கவே கூடாது.

எங்கே நிறுத்துவது? பண்ணை, பொன்னாலைத் தாம்போதிகளிலோ 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்திலோ சில்லு காற்றுப் போனால் நடுவில் நின்று வேலை செய்யாதீர்கள். மிக மெதுவாக உருட்டிக்கொண்டு கரைக்கு வந்துவிடுங்கள். ரயர் கிழிந்தாலும் பரவாயில்லை, ரயரை வாங்கலாம். வலப்பக்கச் சில்லை மாற்றுபவர் போகிற வாகனங்களுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு குந்தியிருக்க வேண்டியிருக்கும். ஆகவே வீதியை விட்டு இடப்பக்கம் நன்றாக ஒதுங்க வேண்டும். முகமாலைப் பக்கம் சிவப்பு நிற மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில் மட்டும் இந்த விதி மாறும். அங்கே சில்லுக்கு அடை வைக்கக் கல் தேடிக்கூட வீதியை விட்டுக் காலெடுத்து வைக்காதீர்கள். மெதுவாகக் கடந்து போய் நிறுத்துங்கள்.

நிறுத்தியதும் எல்லோரும் இறங்க வேண்டும். நித்திரையாகிவிட்ட குழந்தையும் நடக்கமுடியாத அம்மம்மாவும் உட்பட. உள்ளே ஒருவர் அசைந்தாலும் வான் ஜக்கின்மேல் ஆடும். பிள்ளைகளை வானுக்கு முன்னாலோ பின்னாலோ அல்ல, வீதியை விட்டுத் தள்ளி ஒரு பெரியவரின் கையில் நிறுத்துங்கள். நான்கு பக்க விளக்கையும் மினுங்க விட்டு, ஐம்பது அடிவைப்புப் பின்னால் எச்சரிக்கை முக்கோணத்தை வையுங்கள். முக்கோணம் இல்லாவிட்டால் பச்சைக் கொப்பு ஒன்றாவது கிடக்கட்டும்.

அடுத்தது அடை. ஹான்ட் பிரேக் போட்டாயிற்று, கியரிலும் விட்டாயிற்று, இனி அசையாது என்பது பெரிய தவறான நம்பிக்கை. எங்கள் வான்களில் பெரும்பாலும் ஹான்ட் பிரேக் பிடிப்பது பின்சில்லுகளைத்தான். ஒரு பின்சில்லை நிலத்திலிருந்து தூக்கியதும் பிடிமானம் பாதியாகிவிடும். பின்சில்லால் ஓடும் வானில் கியர் கொடுக்கும் பிடிமானமும் போய்விடும். தூக்கிய சில்லு வெறுமனே சுழலும், நிலத்தில் நிற்கும் சில்லை எஞ்சின் பிடித்து வைத்திருக்காது. ஆகவே மாற்றும் சில்லுக்கு மூலைக்கு மூலையாக எதிரேயுள்ள சில்லின் முன்னும் பின்னும் நல்ல கல்லோ மரக்கட்டையோ இறுக்கி வையுங்கள். முன் இடது சில்லு என்றால் பின் வலது சில்லுக்கு அடை.

மேலதிக சில்லு பல வான்களில் பின்பக்கத்தின் அடியில் தொங்குகிறது. அதை இறக்கி வெளியே எடுத்த பின்னரே ஜக்கில் கை வைக்க வேண்டும். தூக்கிவிட்டு அதை எடுக்கக் கீழே புகுவதுதான் பலர் செய்யும் ஆபத்தான காரியம். எடுத்த சில்லைத் தூக்கப்போகும் இடத்துக்குப் பக்கத்தில், வானின் அடிச்சட்டத்துக்குக் கீழே கிடையாகத் தள்ளி வையுங்கள். ஜக் தவறினாலும் வான் அந்தச் சில்லில் வந்து தங்கும், நிலம் வரை விழாது.

நட்டுகளைச் சில்லு நிலத்தில் நிற்கும்போதே இளக்க வேண்டும். கழற்றிவிடாமல் ஒரு சுற்று மட்டும் இடப்பக்கமாக. தூக்கியபின் பலத்தைக் கொடுத்து இழுத்தால் வான் ஜக்கிலிருந்து நழுவிவிடும். "எங்களுக்கு அந்தப் பலம் இல்லை" என்கிறீர்களா? பலம் கையில் அல்ல, பிடியின் நீளத்தில் இருக்கிறது. ஸ்பனரின் பிடியில் நீளமான இரும்புக் குழாய் ஒன்றைச் செருகிக் கீழ்நோக்கி அழுத்தினால் பதினெட்டு வயதுப் பிள்ளையும் இளக்கலாம். சேலைத் தலைப்பையும் சோலையும் முதலில் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள்.

ஜக்கை எங்கும் வைக்கலாம் என்பதில்லை. வானின் கைந்நூலில் காட்டிய இடத்தில், அதாவது அடிச்சட்டத்திலோ அச்சிலோ அதற்கென உள்ள இடத்தில் மட்டும் வைக்க வேண்டும். துருப்பிடித்த தகரத்தில் வைத்தால் அது உள்ளே அமிழ்ந்துவிடும். எங்கள் கடற்காற்றில் துரு எவ்வளவு விரைவில் ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். ஜக் நேராக நிற்கிறதா எனச் சற்றுத் தூக்கியதும் பாருங்கள். சரிந்தால் உடனே இறக்கி மறுபடி வையுங்கள். சில்லு நிலத்தை விட்டு இரண்டு மூன்று அங்குலம் எழும்பினால் போதும்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமான விடயம். ஜக் என்பது தூக்குவதற்கு. தாங்கி நிற்பதற்கு அல்ல. ஒயில் ஜக்கில் உள்ளேயிருக்கும் ஒரு சிறு இறப்பர் வளையம் தேய்ந்தால் ஒயில் கசிந்து அது தானாக இறங்கும். கத்திரி ஜக் ஒரேயொரு புரியாணியில் நிற்கிறது. ஆகவே ஜக்கில் நிற்கும் வானுக்கடியில் தலையோ தோளோ காலோ ஒரு கணமேனும் போகக் கூடாது. வானுக்குக் கீழே வேலையிருந்தால் அதற்கென்று இரும்புத் தாங்கிகள் உள்ளன. வீடு கட்டும் சீமெந்துக் கல்லை அடுக்கி வானை நிறுத்துவதை நான் பல முற்றங்களில் கண்டிருக்கிறேன். சுவராக நிற்கும்போது பலமான கல்தான். ஆனால் ஒரு புள்ளியில் பாரம் விழுந்தால் வெடித்து நொறுங்கும். முன்கூட்டிச் சத்தம்கூடக் கொடுக்காது. கராஜில் வேலை பழகும் மகன் இருந்தால், அங்கே தாங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்.

புதிய சில்லைப் போட்டபின் நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாகக் கையால் முறுக்கி, வானை இறக்கி, சில்லு நிலத்தில் நின்ற பின் மீண்டும் அதே ஒழுங்கில் இறுக்குங்கள். யாழ்ப்பாணத்தில் மாற்றிக்கொண்டு தெற்கே புறப்பட்டால் கிளிநொச்சியில் நிறுத்தி இன்னொருமுறை இறுக்கிப் பாருங்கள், இளகியிருப்பது உண்டு.

ஒருவர் அகப்பட்டுக்கொண்டால் காலைப் பிடித்து இழுக்காதீர்கள். வேறொரு ஜக்கினால் வானை உயர்த்தி, கட்டை வைத்துத் தாங்கி, பிறகே எடுக்க வேண்டும். அதற்கிடையில் ஒருவர் 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கட்டும். 2018 முதல் அந்த இலவச அம்புலன்ஸ் சேவை வடக்கிலும் உண்டு.

சகோதரிகளே, இந்த மாதச் சங்கக் கூட்டத்தில் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஊரில் வான் வைத்திருப்பவர் ஒருவரைக் கூப்பிட்டு, கெட்டியான மட்ட நிலத்தில் ஒரு சில்லைக் கழற்றிப் பூட்டிப் பாருங்கள். உங்கள் பிள்ளையை ஏற்றும் வானின் சாரதியிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள்: மேலதிக சில்லில் காற்று இருக்கிறதா, ஜக் வேலை செய்கிறதா, பலகை இருக்கிறதா, தூக்குவதற்கு முன் பிள்ளைகளை இறக்குவீர்களா? மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல சாரதியும் கோபிக்க மாட்டார். கோபித்தாலும் கேளுங்கள்.